குடியாத்தம் கடலையும் பொலிவியாவின் தூரத்துச் சொந்தமும்

பங்காருபாளையம் என்று சொன்னால் தெரிந்தவர்களுக்கு இன்றைக்கு ஞாபகம் வருவது மாங்காய்தான். சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், சீசன் நேரத்தில் தோதாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும் ஊர். ஆனால் மாந்தோப்புகள் இவ்வளவு பரவுவதற்கு முன்னால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம் என்றாலே கடலைதான். ஆனி, ஆடியில் மழை விழுந்தால் விதைப்பு, ஐப்பசிக்குள் பிடுங்கல். தமிழில் வேர்க்கடலை, தென்னாற்காட்டுக்காரர்களுக்கு மல்லாட்டை (மணிலாக்கொட்டை தேய்ந்து அப்படி ஆனது), எங்கள் ஊர்த் தெலுங்கில் செனிக்காய. எந்தப் பெயரில் சொன்னாலும் பள்ளிக்கூடத்து ஃபீஸ் முதல் கல்யாணச் செலவு வரை அதிலிருந்துதான் வரவேண்டும்.

கடலையின் காயைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அதன் இலையைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். குடியாத்தத்தில் ஆரம்பித்து, பொலிவியா போய், நான் குப்பை கொட்டும் வட கரோலினாவைத் தொட்டு, ஹைதராபாத், தார்வாட் வழியாகத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

இலை போனால் என்ன ஆகும்?

விதைத்து நாற்பது, ஐம்பது நாளில் அடி இலைகளில் கருப்பாகப் புள்ளி விழ ஆரம்பிக்கும். இதற்கு டிக்கா நோய் என்று பெயர். எங்கள் ஊரில் 'ஆக்கு மச்ச' என்பார்கள். இதில் முன்பருவ இலைப்புள்ளி, பின்பருவ இலைப்புள்ளி என்று இரண்டு உண்டு. இரண்டும் வேறு வேறு பூஞ்சைகள். மூன்றாவதாக துரு நோய். இலையின் அடிப்பக்கம் இரும்புத் துரு மாதிரி செம்பழுப்பு நிறத்தில் கொப்புளம் வெடிக்கும், விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.

பூ மேலேதான் பூக்கிறது. ஆனால் காய் மண்ணுக்குள். பூவிலிருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு இறங்கி மண்ணைத் துளைத்துப் போய்க் காயாகிறது. இலை கொட்டிவிட்டால் காய்க்குள் பருப்பு நிறைவதில்லை, சொத்தையும் சுருக்கமுமாகப் போகும். அந்தக் காம்பும் வலுவிழந்துவிடும். செடியைப் பிடுங்கினால் காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். பின்பருவ இலைப்புள்ளியும் துருவும் சேர்ந்து தாக்கினால் பாதி விளைச்சலுக்கு மேலும் போய்விடலாம்.

இன்னொரு நஷ்டம் கணக்கில் வராது. காயைப் பறித்தபின் மிஞ்சும் கடலைக்கொடி மாட்டுக்கு நல்ல தீவனம். எங்கள் பக்கம் பால் வருமானம் பெரிய ஆதரவு. இலை கொட்டிய கொடி என்பது வெறும் குச்சி. அதை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போகும். ஆகவே இலைநோய் வந்த வருடம் கடலையும் போச்சு, பாலும் குறைஞ்சுது என்று இரட்டை அடி.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் மழையை நம்பி விதைத்தவன், வருமோ வராதோ என்ற பயிருக்கு இரண்டு மூன்று தடவை மருந்துக்கும் ஸ்ப்ரேயருக்கும் கூலிக்கும் காசு போடமாட்டான். மானாவாரிக்காரனுக்கு நோயைத் தடுக்கும் சக்தி விதைக்குள்ளேயே இருந்தால்தான் உண்டு.

குடியாத்தம் கொத்துக்கடலை

இப்போது கொஞ்சம் பழைய கதை. 1890-களில் தென்னாற்காட்டில் கடலைச் சாகுபடி பலமாகச் சரிந்தது. இலைநோயும், வருடக்கணக்கில் மாற்றாமல் போட்டுக்கொண்டிருந்த நலிந்த விதையும் காரணமாகச் சொல்லப்பட்டன. அப்போது காப்பாற்றியது வெளியிலிருந்து வந்த 'மொரீஷியஸ்' விதை. 1905-இல் கடலூர் பக்கம் பாலூரில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. பிறகு எண்ணெய்வித்து ஆராய்ச்சி திண்டிவனத்தில் நடந்தது.

திண்டிவனத்து விஞ்ஞானிகள் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த கடலை ரகங்களைச் சேகரித்து, அவற்றில் நல்ல செடிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அப்படி 'குடியாத்தம் கொத்து' என்ற ரகத்திலிருந்து பொறுக்கி, 1940-இல் வெளியிட்டதுதான் டி.எம்.வி. 2. டி.எம்.வி. என்றால் திண்டிவனம்.

குடியாத்தம் எங்களுக்குத் தெற்கே கிட்டத்தில் இருக்கிற ஊர். இப்போது நடுவில் மாநில எல்லை. 1911 வரை இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு மாவட்டம், அதற்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானது, 1953-இல் ஆந்திரத்தோடு போனது. ஆக டி.எம்.வி. 2 வெளிவந்தபோது குடியாத்தம், திண்டிவனம், சித்தூர், அனந்தப்பூர் எல்லாம் ஒரே சென்னை ராஜதானி. விதை எந்தத் தடையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

நூற்றைந்து நாள் பயிர், கொத்தாகக் காய்க்கும், பிடுங்குவது சுலபம், எண்ணெயும் நன்றாக இருக்கும். அதனால் அரை நூற்றாண்டுக்கு மேல் தென்னிந்தியா முழுக்க டி.எம்.வி. 2-வின் ராஜ்ஜியம். ஒரே ஒரு குறை. இலைநோய் என்று வந்தால் எதிர்த்து நிற்காது, படுத்துவிடும்.

1970: இரண்டு எச்சரிக்கைகள்

துரு நோய் 1969 வரை பெரும்பாலும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களோடு நின்றிருந்த வியாதி. அதன் பிறகு சில வருடங்களுக்குள் ஆசியா, ஆப்பிரிக்கா என்று கடலை விளையும் இடமெல்லாம் பரவிவிட்டது. இந்தியாவும் தப்பவில்லை. ஏற்கெனவே டிக்காவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த டி.எம்.வி. 2-வுக்கு இரண்டாவது எதிரி.

அதே 1970-இல் அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு ஒரு பெரிய விபத்து நடந்தது. விதை விஷயத்தில் ஆர்வம் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வீரிய ஒட்டு மக்காச்சோள விதை தயாரிக்க ஒரு வரிசைச் செடியின் ஆண் பூவை (உச்சியில் குஞ்சம் மாதிரி இருப்பது) கையால் கிள்ளி எறிய வேண்டும். லட்சக்கணக்கான ஏக்கரில் இது பெரிய கூலிச் செலவு. டெக்சாஸில் ஒரு ரகத்தில் ஆண் பூவில் மகரந்தமே உண்டாகாத செடி ஒன்று 1940-களில் கண்ணில் பட்டது. அந்தக் குணம் தாய் வழியாகவே பிள்ளைக்குப் போகும். கிள்ளுகிற வேலை மிச்சம்! விதை கம்பெனிகள் எல்லோரும் அதையே தாயாக வைத்துக்கொண்டார்கள். 1970-இல் அமெரிக்க மக்காச்சோள விதையில் சுமார் 85 சதவீதம் அந்த ஒரே தாய் வழியில் வந்தது.

ஆனால் மகரந்தத்தைத் தடுக்கும் அதே குணம், ஓர் இலைக்கருகல் பூஞ்சையின் விஷத்துக்குச் செடியைத் திறந்து விட்டது. அந்தப் பூஞ்சையின் புது இனம் ஃப்ளோரிடாவில் கிளம்பி ஒரே கோடையில் வடக்கே கனடா எல்லை வரை போய்விட்டது. நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் காலி. இந்த வகைச் செடிக்கு இந்த நோய் ஒட்டிக்கொள்கிறது என்று பிலிப்பைன்ஸ்காரர்கள் 1961-லேயே எழுதியிருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஓரிரு வருடங்களில் மறுபடியும் ஆள் வைத்துக் குஞ்சம் கிள்ள ஆரம்பித்தார்கள்.

ஒரே செடியின் ஒரு குணத்தை நாடு முழுக்கப் பரப்பினால் அதன் பலமும் பரவும், பலவீனமும் பரவும். இதை மனதில் வைத்துக்கொண்டு கடலைக்குத் திரும்புவோம்.

எதிர்ப்புச் சக்தி எங்கே கிடைக்கும்?

1972-இல் ஹைதராபாத் பக்கம் படான்செருவில் இக்ரிசாட் ஆரம்பமானது. கடலை ஆராய்ச்சி 1976-இல் அங்கே தொடங்கியது. உலகெங்கும் இருந்து கடலை விதைகளைச் சேர்த்தார்கள். இன்று அவர்களுடைய விதை வங்கியில் 15,000-க்கும் மேற்பட்ட கடலை மாதிரிகள் உண்டு.

எந்த ரகம் நோயைத் தாங்கும் என்று சோதிக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். சோதனைச் செடிகளுக்கு நடுநடுவே நோய்க்குச் சுலபமாக இரையாகும் ரகத்தை வரிசையாக விதைத்து, அதில் நோயை வேண்டுமென்றே வளரவிடுவது. அதிலிருந்து பூஞ்சை விதைத்தூள் காற்றில் பறந்து எல்லாச் செடிக்கும் சமமாகப் பரவும். பிறகு 1 முதல் 9 வரை மார்க். 1 என்றால் நோயே இல்லை, 9 என்றால் இலை எல்லாம் காலி.

அந்த நோய் பரப்பும் வரிசைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ரகம் எது தெரியுமா? நம்ம டி.எம்.வி. 2 தான்! 'எவ்வளவு மோசமாகப் பாதிக்கப்படலாம்' என்பதற்கு அளவுகோலாகவும் அதையே வைத்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் குடியாத்தத்துக் கடலை தப்பாமல் இடம்பெறும், தோற்றுப்போனவர்கள் வரிசையில்!

நோயைத் தாங்கியவை பெரும்பாலும் பெரு நாட்டுப் பழைய ரகங்கள். ஆனால் அவற்றின் ஓடு தடிமன், பருப்பு விகிதம் குறைவு, நாளும் அதிகம் எடுக்கும். நூற்றைந்து நாளில் மழை முடிந்துவிடும் எங்கள் பக்கம் நூற்று முப்பது நாள் பயிர் எதற்கு ஆகும்? அவற்றோடு கலந்து உண்டாக்கிய ரகங்கள் சில வெளிவந்தும் விவசாயிகள் அவ்வளவாகச் சீண்டவில்லை.

பிரச்சினையின் வேர் இன்னும் ஆழத்தில் இருந்தது. இன்று நாம் விதைக்கும் கடலை, தென் அமெரிக்காவில் இரண்டு காட்டுக் கடலை இனங்கள் சுமார் பத்தாயிரம் வருடங்களுக்கு முன்னால் கலந்து உண்டானது. காட்டு இனத்துக்கு 20 குரோமோசோம். கலப்பில் அது இரட்டித்து 40 ஆனது. 20 உள்ளதோடு 40 உள்ளது சேர்ந்தால் 30. அந்தப் பிள்ளை கோவேறு கழுதை மாதிரி, வளரும், ஆனால் வம்சம் விருத்தியாகாது. அதனால் நாட்டுக் கடலை தன் காட்டுச் சொந்தங்களிடமிருந்து பிரிந்தே வாழ்ந்தது. உலகத்தில் எத்தனை ஆயிரம் ரகம் இருந்தாலும் எல்லாம் ஒரு சின்னக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

பொலிவியாவில் பிடுங்கிய செடி

1959-இல் மூன்று பேர் தென் அமெரிக்காவில் காட்டுக் கடலை தேடி அலைந்தார்கள். அமெரிக்கரான வால்டன் கிரிகரி, அர்ஜென்டினாவைச் சேர்ந்த அந்தோனியோ க்ராபோவிக்காஸ், ஹோசே பியத்ரரெல்லி. மூவர் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து ஜி.கே.பி. என்று ஒவ்வொரு செடிக்கும் எண் போட்டார்கள். பொலிவியாவில் எடுத்த ஒரு செடிக்கு ஜி.கே.பி. 10017 என்று எண். மார்ட்டின் கார்டெனாஸ் என்ற பொலிவியத் தாவரவியலாளரின் ஞாபகமாக அந்த இனத்துக்கு 'அராக்கிஸ் கார்டெனாசி' என்று பெயர் வந்தது. முறைப்படி அந்தப் பெயரை அச்சில் பதிவு செய்ததே 1994-இல்தான். காய் சின்னது, தின்னத் தேறாது. ஆனால் இலையில் புள்ளி விழுவது அபூர்வம்.

கிரிகரி வேலை பார்த்தது இங்கே ராலேவில், வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். என் அலுவலகத்திலிருந்து காரில் போகும் தூரம்தான். 1960-களில் அங்கே அவரும் ஜோசப் ஸ்மார்ட் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அந்தப் பொலிவியச் செடியை நாட்டுக் கடலையோடு கலந்தார்கள். எதிர்பார்த்தபடியே மலட்டுச் செடி. அதற்குக் கோல்சிசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும். 30 இருந்தது 60 ஆனது, செடி காய்த்தது! (நம் கார்த்திகைப் பூ இருக்கிறதே, செங்காந்தள், அதன் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் விஷம் இதே கோல்சிசின்தான். தமிழ்நாட்டின் மாநிலப் பூவுக்கு இப்படி ஒரு தொழில்!)

60 உள்ள செடியைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துக்கொண்டே போக, குரோமோசோம்கள் உதிர்ந்து மெல்ல மெல்ல 40-க்குத் திரும்பின. பார்க்க நாட்டுக் கடலை, உள்ளே பொலிவியாவின் சில துண்டுகள். அந்தச் செடிகளும் அவற்றின் வாரிசுகளும் பொட்டலமாகத் தபாலில் நாடு நாடாகப் போயின. இக்ரிசாட்டுக்கும் வந்தன. காப்புரிமை, ராயல்டி எதுவும் இல்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.

அந்த வழியில் வந்த சி.எஸ். 16 என்ற செடியைக் கர்நாடகத்தின் தார்வாட் விவசாயப் பல்கலைக்கழகத்தில் கே.ஆர்.ஜி. 1 என்ற ரகத்தோடு சேர்த்தார்கள். பிறந்தது ஜி.பி.பி.டி. 4. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் வெளிவந்தது. துருவையும் பின்பருவ இலைப்புள்ளியையும் நன்றாகத் தாங்கும். ஓடும் பருப்பும் விவசாயி ஏற்றுக்கொள்கிற மாதிரி. நோயே வராது என்று அர்த்தமில்லை. தாமதமாக வரும், மெதுவாகப் பரவும், பிடுங்கும் நாள் வரை செடியில் பச்சை இலை நிற்கும். அவ்வளவு போதும்.

பிறகு தார்வாட்காரர்களும் இக்ரிசாட்டும் சேர்ந்து அந்தச் சக்தி குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடினார்கள். 2012-இல் வந்த ஆய்வின்படி, சோதித்த செடிகளிடையே துருநோய் வித்தியாசத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரே ஒரு இடத்தைப் பொறுத்தது. பின்பருவ இலைப்புள்ளிக்கு 60 சதவீதம் வரை. இடம் தெரிந்துவிட்டால் நாற்றின் ஒரு துளி இலையை லேபில் சோதித்தே 'இதில் இருக்கு, இதில் இல்லை' என்று சொல்லிவிடலாம். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2014-இல் ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24, ஐ.சி.ஜி.வி. 91114 என்ற மூன்று ரகங்களுக்குள் துருவைத் தாங்கும் அந்தத் துண்டைக் கொண்டுபோனதை வெளியிட்டார்கள்.

2017-இல் டி.எம்.வி. 2-வுக்கும் முறை வந்தது. தார்வாட்டில் ஜி.பி.பி.டி. 4-ஐ டி.எம்.வி. 2-வோடு கலந்து, பிறந்ததை மறுபடி மறுபடி டி.எம்.வி. 2-வோடே கலந்து, மற்ற குணமெல்லாம் பழையதாகவும் இலை மட்டும் புதுப் பலத்தோடும் இருக்கும் செடிகளை எடுத்தார்கள். 77 வருடம் தோற்றுக்கொண்டிருந்த குடியாத்தத்துக் கடலைக்கு, பத்தாயிரம் வருடத்துக்கு முன் பிரிந்த சொந்தக்காரன் வந்து கை கொடுத்தான்.

சந்தோஷப்படுவதற்கு முன்னால்...

2021-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பல நாட்டுக் கடலை ரகங்களின் மரபணுவையும் வம்சாவளியையும் தோண்டிப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா, அமெரிக்கா என்று எங்கே நோய் தாங்கும் ரகத்தைச் சோதித்தாலும் அந்த ஒரே ஜி.கே.பி. 10017-இன் துண்டுகள்! தங்கள் ரகத்துக்குள் அது இருப்பது வளர்த்தவர்களுக்கே தெரியாத இடங்களும் உண்டு. அமெரிக்காவில் வேர்முடிச்சுப் புழுவைத் தாங்கும் கடலை 1999-இல் டெக்சாஸிலிருந்து வந்ததே, அந்தச் சக்தியும் வேறொரு கலப்பு வழியாக இதே செடியிலிருந்து வந்ததுதான்.

இங்கேதான் எனக்கு 1970 மக்காச்சோளம் ஞாபகம் வருகிறது. டெக்சாஸின் ஒரு செடி பலவீனத்தைப் பரப்பியது, பொலிவியாவின் ஒரு செடி பலத்தைப் பரப்பியது. ஆனால் இரண்டும் ஒரு செடிதான். அந்த ஒரு துண்டைத் தாண்டும் வித்தையை நாளைக்கு ஒரு பூஞ்சை கற்றுக்கொண்டால்? பூஞ்சைக்கு அவசரமில்லை, ஒவ்வொரு மழைக்காலமும் அதற்கு ஒரு பரீட்சை. இரண்டாவது, மூன்றாவது காட்டுச் சொந்தம் தேவை. அந்த வேலையும் நடக்கிறது. வேறு காட்டு இனங்களோடு இக்ரிசாட், ஜார்ஜியா, பிரேசில் என்று பல இடங்களில் கலப்பு செய்து பார்க்கிறார்கள்.

ஆனால் 1959 மாதிரி இன்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ச் செடி பிடுங்கிவர முடியாது. 1993-இல் பல்லுயிர் உடன்படிக்கை அமலுக்கு வந்தது. இந்தியா 2002-இல் சொந்தமாகச் சட்டம் போட்டது. செடி அந்தந்த நாட்டின் சொத்து என்றானது. பயிர் விதைகளைச் சுலபமாகப் பரிமாறிக்கொள்ள 2001-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அதன் பட்டியலில் நெல், கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் இருந்தன, வேர்க்கடலை இல்லை! வங்கியில் ஏற்கெனவே இருப்பது கிடைக்கும். காட்டில் இருப்பதைப் புதிதாகச் சேகரிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அந்த 2021 கட்டுரையே புலம்புகிறது.

இதில் நான் ஒரு பக்கம் மட்டும் பேசத் தயாரில்லை. மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தபோது கொதித்தவர்கள் நாம். 1997-இல் போராடி ரத்து செய்ய வைத்தோம். பொலிவியாக்காரன் 'என் செடியால் உலகமே பிழைக்கிறது, எனக்கு என்ன கொடுத்தீர்கள்?' என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில்? 1959-இல் பங்கு கொடுக்கும் சட்டமே உலகில் கிடையாது என்பது பதில் ஆகாது. ஆனால் கதவை இழுத்துச் சாத்துவதும் பதில் இல்லை. கதவு திறந்திருக்க வேண்டும், வாசலில் உண்டியலும் இருக்க வேண்டும். பொலிவியாவிலேயே அந்தக் காட்டையும் செடியையும் காப்பாற்ற அந்த உண்டியல் உதவ வேண்டும். பூஞ்சைக்கு விசாவும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. 1970-களில் துரு நோய் எந்தக் கையெழுத்தும் வாங்காமல்தான் நம் நாட்டுக்குள் வந்தது.

இன்னொன்று. நம் பக்கத்துப் பழைய விதைகளும் இந்தச் சொத்தில் சேர்த்திதான். திண்டிவனத்தார் பொறுக்கியது குடியாத்தம் கொத்திலிருந்து ஒரு கைப்பிடி. பொறுக்காமல் விட்டது எவ்வளவு, அதில் என்ன குணமெல்லாம் இருந்தது என்று இனி விதையைக் கேட்டால்தான் தெரியும். குடியாத்தம், பேரணாம்பட்டு, பலமநேர், பங்காருபாளையம் பக்கம் கடைக்கு விற்காமல் வீட்டுக்காகவே பழைய கொத்துக்கடலை விதைத்துக்கொண்டிருக்கும் பாட்டி, தாத்தா யாராவது இருந்தால், அவர்களிடம் ஒரு படி வாங்கி வையுங்கள். திருப்பதியிலும் கதிரியிலும் கடலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். பொலிவியாவிலிருந்து வந்ததைப் பத்திரமாக வைத்திருக்கிற நாம், பக்கத்து ஊரில் இருப்பதைத் தொலைத்துவிடக் கூடாது.